டி46 என்றால் புற்றுநோய் இல்லையா?

அண்மையில் ஓர் ஐயா வைத்தியசாலைக் கடிதத்தோடு வந்தார். "டொக்டர், புற்றுநோய்க்குச் 'சி' எண்ணாம். எனக்கு டி46 தானே? கிளினிக்கை விட்டிட்டு ஊருக்குப் போகலாமோ?" என்று கேட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 குறியீட்டில் 'சி' எழுத்து புற்றுநோய்களுக்குரியது. மைலோமா சி90, லூக்கேமியா வகைகள் சி91 முதல் சி95 வரை. டி46 என்பது மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம். என்புமச்சை பழுதான குருதிக் கலங்களை உண்டாக்கும் நோய் இது. 1990இல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் இதனைப் 'போக்கு நிச்சயமற்ற' கட்டிகளோடு சேர்த்தது. 2000இல் வெளிவந்த புற்றுநோய்ப் பதிவுக் குறியீடான ஐ.சி.டி.-ஓ-3 இதனைப் புற்றுநோயாகவே எண்ணியது. ஐ.சி.டி.-10இல் மட்டும் பழைய எழுத்தே நின்றுவிட்டது. பொலிசைதீமியா வேராவின் (டி45) கதையும் இதுதான். டி61 அப்லாஸ்டிக் அனீமியாவோ புற்றுநோயே அல்ல, ஆனாலும் உயிராபத்தானது. (எழுத்தை வைத்துச் சாத்திரம் பார்க்க முடியாது!)

நிபுணரிடம் கேட்க வேண்டியது வேறு: மச்சையில் முதிராத 'பிளாஸ்ட்' கலங்கள் எத்தனை வீதம்? 20 வீதத்தை எட்டினால் பொதுவாக அது கடும் லூக்கேமியா. என் நோய் எந்த ஆபத்துப் பிரிவு? காப்புறுதிப் படிவம் நிரப்புவோர் குறியீட்டோடு நோயின் பெயரையும் எழுதுவிக்க வேண்டும்.

ஐயா பயணத்தைத் தள்ளிவைத்தார். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகும்படி அவருடைய மனைவியிடமும் சொல்லியனுப்பினேன்.