சிறிய பெட்டிக்குள் பெரிய வெப்பம்

வானொலி பழுதுபார்ப்பவரின் கையிலுள்ள சால்டரிங் அயர்னைப் பார்த்திருப்பீர்கள். 25 வாட் திறனுள்ள அக்கருவி ஈயப்பற்றை நொடியில் உருக்கிவிடுகிறது. கணிப்பொறியின் செயலியோ 65 வாட் அளவு மின்திறனை வாங்கி, ஏறக்குறைய முழுவதையும் வெப்பமாக வெளிவிடுகிறது. அதன் சிலிக்கான் சில்லின் பரப்பு கட்டைவிரல் நகத்தளவே!

என் மாணவர் ஒருவர் விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், சிறிய கேபினெட் ஒன்றில் தாமே கணிப்பொறியை அமைத்தார். கடினமான வேலை கொடுத்தால் சிறிது நேரத்தில் அது ஆமைபோல் நகர்ந்தது. செயலி கெட்டுவிட்டதோ எனக் கலங்கி என்னிடம் வந்தார். செயலி கெடவில்லை. வெப்பநிலை வரம்பைத் தொட்டதும், தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பிழை, கூலர் என்று கடைகளில் வழங்கும் குளிர்விப்பானைத் தேர்ந்ததில் இருந்தது.

வெப்பம் வெளியேறும் வழியைக் காண்போம். செயலியின் மூடியும் குளிர்விப்பானின் அடித்தகடும் பார்வைக்கு வழவழப்பானவை. ஆயினும் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டவை. இடையே சிக்கும் காற்று அரிதிற்கடத்தி. செம்பு காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, அவ்விடைவெளியை நிரப்ப வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவுகிறோம்.

அடுத்தது வெப்பக்குழாய். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிக் காட்டிய கருவி இது. காற்று நீக்கி மூடப்பட்ட செம்புக் குழாயில் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் நீர் உள்ளுறை வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. தகடுகள் உள்ள முனையில் வெப்பத்தைக் கொடுத்து மீண்டும் நீராகிறது. பிறகு, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே அல்லவா? தகடுகளின் வெப்பத்தை மின்விசிறியின் காற்று கொண்டு செல்கிறது.

இனித் தேர்வுக்கு வருவோம். ஓம் விதியை நினைவுகூருங்கள். மின்னழுத்த வேறுபாட்டுக்குப் பதில் வெப்பநிலை வேறுபாட்டையும், மின்னோட்டத்துக்குப் பதில் வாட்டையும் கொள்க. கிடைப்பது வெப்பத்தடை.

சித்திரை வெயிலில் அறை 35 டிகிரி செல்சியஸ், கேபினெட்டின் உள்ளே 43 டிகிரி, செயலியின் வரம்பு 95 டிகிரி என்க. வேறுபாடு 52. இதை 65 வாட்டால் வகுத்தால் 0.8. சில்லிலிருந்து காற்றுவரை மொத்தத் தடை, ஒரு வாட்டுக்கு 0.8 டிகிரியைத் தாண்டக்கூடாது. அறை 20 டிகிரியும் உள்ளே 28 டிகிரியும் ஆனால், 1.03 வரை போகலாம். குளிர்நாட்டில் போதுமான குளிர்விப்பான் நம் ஊர்க் கோடையில் ஏன் திணறுகிறது என்பது விளங்குகிறதா?

மாணவரின் கேபினெட்டில் 70 மி.மீ. உயரத்துக்கு இடமிருந்தது. சிறியதே நல்லதென்று அவர் 37 மி.மீ. உயரமுள்ளதை வாங்கியிருந்தார். 55 மி.மீ. உயரமும் வெப்பக்குழாய்களும் கொண்டதை மாற்றினோம். தகடுகளின் பரப்பு மிகுந்தது. விசிறி காற்றை இழுக்க மேலே 15 மி.மீ. இடைவெளியும் எஞ்சியது. கணிப்பொறி அதன்பின் தளரவில்லை.

நீங்கள் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. கேபினெட் ஏற்கும் உயரத்தை அளந்து, காற்றுக்கு இடம் விடுக.
2. உங்கள் மதர்போர்டில் பொருந்துமா, பக்கத்திலுள்ள ராம் பலகையில் இடிக்குமா எனப் பார்க்க.
3. 65 வாட் எனக் குறித்த செயலிகள் பல, முழு வேகத்தில் அதற்கு மேலும் மின்திறனை இழுக்கும். சற்றுக் கூடுதல் ஆற்றலுள்ளதையே தேர்க.
4. அடித்தகட்டில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை மறவாமல் உரித்தபின் பொருத்துக.

ஒரு கணக்கு: மேற்கண்ட கோடை நிலையில் செயலி 88 வாட் இழுத்தால், வெப்பத்தடை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?

(விடை: ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 0.59 டிகிரி)