அவையச்சமும் நல்வாக்கும்

சங்கக் கூட்டங்களிலே இருவகை அன்பர்களைக் காண்கின்றோம். ஒரு சாரார் நல்லறிவும் நல்லொழுக்கமும் உடையவர். திண்ணையில் இருவர் மூவராய் அமர்ந்து உரையாடுங்கால் அவர்தம் சொல் தெளிந்த நீரென ஓடும். அவரையே மேடைக்கு அழைத்து, "நாலு வார்த்தை சொல்லுங்கள் ஐயா" என்றால் நா உலர்கிறது, கை நடுங்குகிறது, கற்றதெல்லாம் மறந்துபோகிறது. மற்றொரு சாராருக்கு அச்சம் என்பதே கிடையாது. ஒலிபெருக்கியைப் பற்றினால் விடமாட்டார். ஆனால் அவர் சொல்வதில் எது உண்மை, எது புனைவு என்று கேட்போர் அறிய இயலாது. முன்னவரின் அச்சத்தை நீக்குவது எவ்வாறு? பின்னவரின் நாவை நெறிப்படுத்துவது எவ்வாறு? இவை இரண்டு வினாக்கள் போலத் தோன்றினும் இரண்டிற்கும் மருந்து ஒன்றே என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அச்சத்தின் இயல்பு

அவையைக் கண்டு அஞ்சுவது ஒருவரின் தனிக்குறை அன்று. மக்கட் குலத்திற்குப் பொதுவானது. மாந்தரை வாட்டும் அச்சங்கள் ஐந்து என்று பகவன் புத்தர் வகுத்துரைத்தமை அங்குத்தர நிகாயத்தின் ஒன்பதாம் தொகுதியிற் காணப்படுகிறது. பிழைப்பைக் குறித்த அச்சம், இகழ்ச்சியைக் குறித்த அச்சம், அவையைக் குறித்த அச்சம், மரண அச்சம், தீக்கதியைக் குறித்த அச்சம் என்பன அவை. மூன்றாவதற்குப் பாலி மொழியில் 'பரிஸ சாரஜ்ஜ பயம்' என்று பெயர். மரண அச்சத்தோடு ஒரே வரிசையில் இது வைத்தெண்ணப் பெற்றிருப்பதை நோக்குக. திருக்குறளும் 72-ஆம் அதிகாரத்தில் அவையறிதலையும் 73-ஆம் அதிகாரத்தில் அவையஞ்சாமையையும் அடுத்தடுத்து வைத்துள்ளது.

உடலிலே நிகழ்வது யாது? நூறு கண்கள் தம்மை நோக்குவதை உடல் ஓர் ஆபத்தெனக் கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கு வேண்டிய ஆயத்தத்தை உடல் மேடையின்மீது செய்துகொள்கிறது. பேசத் தொடங்கிச் சில நிமிடங்கள் சென்றபின் இது பெரும்பாலோர்க்குத் தானே தணியும்.

இன்னுமொரு செய்தி உண்டு. நம் நடுக்கத்தை அவையோர் அனைவரும் காண்கின்றனர் என்று நாம் எண்ணுகிறோம். 2003-ஆம் ஆண்டில் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனை மறுக்கிறது. பேசுவோர் தம் பதற்றம் எவ்வளவு வெளிப்பட்டது என்று எண்ணினரோ, அவ்வளவு கேட்போர்க்குத் தெரியவில்லை. இவ்வுண்மையை முன்னரே கேட்டறிந்தவர் பிறரினும் நன்றாகப் பேசினர்.

இவ்வச்சத்தின் வேர் எது? "என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ" என்னும் எண்ணமே. ஆராய்ந்து பார்த்தால் மேடையிலே பொய்யுரைப்பவரின் உள்ளத்திலும் இதே எண்ணந்தான் இருக்கிறது. ஒருவர் இகழ்ச்சிக்கு அஞ்சி வாய் மூடுகிறார். மற்றவர் புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டு மிகைபடப் பேசுகிறார். வேர் ஒன்று, கிளை இரண்டு.

ஒரு சான்று

மகாத்மா காந்தியின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்றாகும். அவர் இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிருவாகக் குழுவில் இருந்தார். ஒரு விவாதத்தில் தம் கருத்தை எழுதிக்கொண்டு வந்தும் எழுந்து படிக்கத் துணிவில்லாது போகவே, வேறொருவர் படித்தார். 1891-இல் தாயகம் திரும்புமுன் தாம் அளித்த விருந்திலே, ஆயத்தம் செய்த பேச்சின் முதல் வாக்கியத்திற்குமேல் அவரால் செல்ல இயலவில்லை. பம்பாயில் முப்பது ரூபாய் கட்டணத்திற்கு ஒரு சிறு வழக்கை ஏற்று, குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், தலை சுழல, வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளுமாறு கூறி நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்.

அவரே 1893-இல் பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகர் கூட்டம் ஒன்றிலே பேசினார். அதனையே தம் வாழ்வின் முதற் சொற்பொழிவு என்று பின்னாளில் எழுதினார். பொருள் யாது? வணிகத்தில் வாய்மை. வாணிகத்திற்கும் உண்மைக்கும் ஒத்துவராது என்று சொல்லிவந்தவர் முன்னிலையிலேயே அதனை மறுத்துப் பேசினார். நாவு எவ்வாறு அவிழ்ந்தது? பொருளை ஓரளவு ஆய்ந்து கொண்டு சென்றார். மேலும், அன்று அவர் தம்மைக் காட்டிக்கொள்ள நிற்கவில்லை. அந்நிய நாட்டிலே இழிவுபட்ட தம் மக்களின் நிலையை உயர்த்த நின்றார். கூச்சம் தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்றும் அவர் எழுதியுள்ளார். அவரே 1925 மார்ச்சில் வைக்கம் சத்தியாக்கிரகத்தின் பொருட்டுக் கேரளம் வந்தபோது நம் கொச்சியிலும் பேசிச் சென்றார்.

நான்கு வலிமைகள்

ஐவகை அச்சங்களையும் கடப்பதற்கு நான்கு வலிமைகளைப் பகவன் அதே சுத்தத்திற் கூறுகிறார். அறிவு, ஊக்கம், குற்றமின்மை, அரவணைப்பு என்பன அவை. ஒவ்வொன்றையும் மேடைக்குப் பொருத்திக் காண்போம்.

முதலாவது அறிவு. அறியாததைப் பேச எழுபவன் அஞ்சுவது இயல்பு, அஞ்சுவதே நன்று. ஆகையால் எடுத்துக்கொண்ட பொருளை மூன்று கருத்துகளாகச் சுருக்கி ஒரு துண்டுச் சீட்டில் எழுதுக. முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருச் செய்க. முழுப் பேச்சையும் நெட்டுருச் செய்தவருக்கு ஒரு சொல் நழுவினால் எல்லாம் நழுவும். அவையையும் அறிக. தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் ஒரே வீதியில் ஒலிக்கும் மட்டாஞ்சேரியில் எல்லார்க்கும் விளங்குமாறு சிறு வாக்கியங்களாகப் பேசுவதே முறை. எவரேனும் வினவி விடை தெரியாவிடின், "அறியேன், கேட்டறிந்து சொல்வேன்" என்க. அச்சொல்லால் எவர் மதிப்பும் குறைவதில்லை.

இரண்டாவது ஊக்கம். நீச்சலைக் கரையிலிருந்து கற்க இயலாது. நாள்தோறும் கால்மணி நேரம் உரக்கப் படித்தல், பின்னர் வீட்டார் முன் சொல்லுதல், பின்னர் ஐவர் கூடிய இடத்தில், அதன்பின் ஐம்பதின்மர் அவையில் என்று படிப்படியாக ஏறுக. கூட்டத்திற்கு முன்னதாகவே சென்று இடத்தைக் கண்ணாற் பழகுக. எழுமுன் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுக. இவ்வாறு ஐந்தாறு முறை. வெளிமூச்சு நீளும்போது இதயத்தின் விரைவு தணியும். ஆனாபானசதி பயின்ற அன்பர்க்கு இது எளிது. பாதங்களை ஊன்றி நின்று, அவையிலே கனிந்த முகம் ஒன்றை நோக்கித் தொடங்குக. சொல் மறந்தால் நிறுத்துக. அமைதி பேசுவோருக்கு நெடிதாகத் தோன்றும். கேட்போருக்கு அது ஒரு மூச்சளவே.

நாம் பஞ்சாலையில் உழைத்த நாள்களில் எந்திர இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பிப் பேசினோம். ஆலையில் உழைக்கும் அன்பர் மேடையேறுங்கால் அவ்வழக்கம் உடன்வரும். அதனை வாயிலிலேயே விட்டு வருக. நூல் நூற்போர் அறிவர்: முறுக்குக் குறைந்தால் இழை அறும்; மிகுந்தால் சுருளும். குரலும் உள்ளமும் அவ்வாறே. சிறிதளவு படபடப்பு பேச்சிற்கு உரம் தரும். அதனை முற்றும் ஒழிக்க முயல வேண்டுவதில்லை.

மூன்றாவது குற்றமின்மை. இதனையே பலர் மறக்கின்றனர். பாடலிகாமத்து இல்லறத்தாருக்கு உரைத்த அறவுரையிலே, ஒழுக்கமுடையான் அடையும் பயன்கள் ஐந்தைப் பகவன் எண்ணினார். அவற்றுள் ஒன்று, அரசரவையோ அந்தணரவையோ எவ்வவையாயினும் கூசாமல் நிமிர்ந்து புகுதல். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு அச்சத்திற் பாதி முன்னரே நீங்கிவிடுகிறது.

வாக்கின் தீமைகள் நான்கு என்று மணிமேகலை கூறும். மேடையில் அவை எவ்வடிவிலே வரும்? கண்டறியாத எண்ணிக்கையைக் கூறுவதும், பிறர் கருத்தைத் தமதெனக் கொள்வதும், கைப்பேசியில் வந்த செய்தியை ஆராயாது ஒப்புவிப்பதும் பொய். இத்தெருவில் அத்தெருவாரைப் பழித்து, அத்தெருவில் இத்தெருவாரைப் பழிப்பது குறளை. ஒருவர் பிறப்பையும் உடற்குறையையும் நகைத்துக் கைதட்டல் பெறுவது கடுஞ்சொல். பத்து நிமிடம் தந்தால் நாற்பது நிமிடம் பேசுவது பயனில் சொல். பிறர் நேரத்தைக் கேளாது எடுத்துக்கொள்வதும் ஒருவகைக் களவே.

இவற்றைத் தவிர்க்க, காலமறிந்து, உண்மையாய், மென்மையாய், பயனுள்ளதாய், அன்புள்ளத்தோடு என்னும் ஐந்து அளவைகளால் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பார்க்க.

"மென்மையாய்ப் பேச வேண்டுமெனில் கசப்பான உண்மையை விழுங்கிவிடுவதோ?" என்று சிலர் வினவலாம். அபயன் என்னும் அரசகுமாரன் இவ்வாறே ஒரு கேள்வியால் பகவனை மடக்க வந்தான். அவன் மடியில் ஒரு குழந்தை இருந்தது. இக்குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ விழுங்கப் புகுந்தால் என் செய்வாய் என்று பகவன் வினவ, குருதி வரினும் விரலை விட்டு எடுப்பேன், அதன்மீதுள்ள இரக்கத்தால் என்றான் அவன். உண்மையும் பயனும் உடைய சொல் கேட்போருக்கு இனிதல்லாததாயினும், காலமறிந்து கூறத்தக்கதே என்று பகவன் விளக்கினார். விரலை விடுவது இரக்கத்தாலா, சினத்தாலா என்பதே கேள்வி.

அச்சொல்லைக் கூறுவோர் இகழ்ச்சியையும் தாங்க வேண்டும். 1917 மே 29 அன்று, கொச்சியை அடுத்த செறாயியில், சகோதரன் அய்யப்பன் சாதி கடந்த சமபந்தி போசனம் நடத்தினார். புலையன் அய்யப்பன் என்று அவரைப் பழித்தனர். அவர் அதனைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். இகழ்ச்சி அச்சம் நீங்கியவருக்கு அவையச்சம் ஏது?

நான்காவது அரவணைப்பு. ஈதல், இன்சொல், நற்செயல், சமநோக்கு என்னும் நான்கும் சேர்ந்தது அது. இதுவே பேச்சின் உயிர். இதன் மறுதலையை நம் ஊரின் வரலாற்றிலேயே காணலாம். முற்காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளை மூப்பன் கூட்டத்தினிடையே வீசுவான். எடுத்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. பசித்த மக்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொண்டனர். அம்முறைக்கு எதிரான போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அம்முறை ஒழிந்தது. ஆயினும் சொல்லைச் சாப்பாபோல வீசும் மேடைகள் இன்றும் உள. பேசுபவன் உயரத்தில் பத்திரமாக நிற்கிறான். கேட்பவர் அவன் சொல்லைப் பற்றிக்கொண்டு கீழே ஒருவரையொருவர் அடித்துக்கொள்கின்றனர். அவன் அஞ்சாதவனே, அறிவும் ஊக்கமும் கூட அவனுக்கு இருக்கலாம். குற்றமின்மையும் அரவணைப்பும் இல்லை. அவனிலும் நடுங்கி நடுங்கி நாலு உண்மை சொல்பவர் மேலானவர்.

ஆகவே அன்பர்காள், "என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்னும் வினா எழும்போதெல்லாம், "இவர்களுக்கு நான் என்ன தரப்போகிறேன்" என்னும் வினாவை அதன் இடத்தில் வையுங்கள். கூச்சமுடையவரின் நா இதனால் அவிழும். மிகைபடப் பேசுவோரின் நா இதனால் அடங்கும்.

அடுத்த கூட்டத்திற்கான பயிற்சி

1. நான்கு வலிமைகளுள் தம்மிடம் குறைந்தது எது என ஒவ்வொருவரும் எழுதி வருக.

2. இதுவரை மேடையேறாத அன்பர் இருவர், மும்மூன்று நிமிடம், தாம் நன்கறிந்த தொழிலைப் பற்றிப் பேசுக. பிறர் இடைமறியாது கேட்க.

3. அண்மையில் கேட்ட ஒரு சொற்பொழிவை ஐந்து அளவைகளால் ஆய்க. பேசியவர் பெயரைக் கூறற்க.

4. உண்மையாயினும் அப்பொழுது சொல்லத்தகாத சொல் எது? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

வயது முதிர்ந்தோரும் தாய்மாரும் இப்பயிற்சியில் தயங்காது பங்கு கொள்க. எல்லோர்க்கும் நல்வாக்கு அமைவதாக.