கடைசி வண்டியும் கடைமடையும்

நுழையும்முன்

பயணம் என்றவுடன் தொலைவும் வேகமுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. தனியே செல்பவர் தம் விருப்பம்போல் விரையலாம், நின்று இளைப்பாறலாம். பலர் கூடிச் செல்லும்போது ஒருவரின் வேகம் மற்றவரின் வேகத்தோடு இணங்கியாக வேண்டும். காவிரிப் படுகையின் சாலைகளில் ஒரு விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிள்களில் குழுவாகச் செல்வோர் அந்த இணக்கத்தை எவ்வாறு கற்கின்றனர் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

கூடிச் செல்லும் மரபு

குழுவாகப் புறப்பட்டு, ஒரு நாளைக் களித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள், புதுப்புனலைக் காணக் காவிரிக் கரைக்குச் செல்வது இங்குள்ள வழக்கம். முற்காலத்தில் குடும்பங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சென்றன. எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் தூக்குகளில் ஏறின. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. ஒரு வண்டியின் அச்சாணி கழன்றால் அனைத்து வண்டிகளும் நின்றன. இன்று மாட்டுவண்டியின் இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. கூடிச் செல்லும் விருப்பம் மாறவில்லை.

வண்டி வந்த வழி

1885ஆம் ஆண்டு செருமனியில் காட்லீப் டைம்லரும் வில்லெம் மேபாக்கும் மரச்சட்டம் ஒன்றில் பெட்ரோல் எந்திரத்தைப் பொருத்தி ஓட்டினர். மோட்டார் சைக்கிளின் முன்னோடியாக அவ்வண்டி கருதப்படுகிறது. இந்தியாவின் மோட்டார் சைக்கிள் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டிகள் நாடெங்கும் ஓடின. 1980இல் ஒசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. உரமூட்டை, பால் கேன், வாழைத்தார், புல்லுக்கட்டு என அனைத்தையும் சுமந்த அச்சிறிய வண்டி, உழவர் வீட்டு உறுப்பினர்போல் ஆயிற்று. குழுப் பயணத்தில் இவ்விருவகை வண்டிகளும் சேர்ந்து வரும்போதுதான் யாருடைய வேகத்தில் செல்வது என்னும் வினா பிறக்கிறது.

புறப்படும் முன்

புரட்டாசித் திங்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூதலூர் தொடர்வண்டி நிலையத்திற்கு வெளியே பத்து வண்டிகள் கூடுவதாகக் கொள்ளலாம். செல்லுமிடம் கல்லணை. வந்திருப்போரில் ஆசிரியர், வங்கி ஊழியர், பழுதுநீக்குநர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் இருவர், தனி வண்டியில் வரும் செவிலியர் எனப் பலர் உளர். பழைய டி.வி.எஸ். 50 வண்டியில் முதிய உழவர் ஒருவரும் வந்து நிற்கிறார்.

முதலில் வண்டிகளை ஆராய்கின்றனர். டயரில் காற்று, பிரேக், செயினின் தளர்வு, விளக்கு, எரிபொருள் ஆகியவற்றை ஒருவர் வண்டியை மற்றொருவர் பார்க்கிறார். ஓட்டுபவரும் பின்னிருக்கையில் அமர்பவரும் தலைக்கவசம் அணிந்து, அதன் வாரை இறுக்கிக்கொள்கின்றனர். வாரைப் பூட்டாத தலைக்கவசம் விழும்போது முதலில் கழன்றுவிடும்.

அடுத்து வரிசையை அமைக்கின்றனர். வழியறிந்த ஆசிரியர் முன்னால் செல்கிறார். பழுதுநீக்கும் கருவிகளோடு கடைசி வண்டியில் பழுதுநீக்குநர் வருகிறார். அவரை எவரும் பின்னால் விடக் கூடாது. அவரும் எவரையும் முந்தக் கூடாது. வண்டிகள் இணையாகச் செல்லாமல், ஒன்று சற்று வலமாகவும் அடுத்தது சற்று இடமாகவும் மாறி மாறிச் செல்லும். முன்வண்டி கடந்த மரத்தைப் பின்வண்டி இரண்டு நொடிகளுக்குப் பிறகே கடக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் செல்லும். ஆகவே, இரண்டு நொடி என்பது 22 மீட்டர் இடைவெளி. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும்.

“தம்பி, நீங்க எல்லாம் முன்னால போங்க. நான் மெதுவா வந்து சேர்றேன்” என்கிறார் முதியவர்.

“வேண்டாம் பெரியப்பா. எனக்கு அடுத்து நீங்க வாங்க. உங்க வேகந்தான் எங்க வேகம்” என்கிறார் ஆசிரியர்.

இளைஞர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லவல்ல வண்டிகள் அவர்களுடையவை. முதியவரின் வேகத்தில் செல்வது அவர்களுக்குக் கட்டுப்பாடாகத் தோன்றுகிறது.

சாலையில் விரிந்த நெல்

வெண்ணாற்றைக் கடந்து வண்டிகள் திருக்காட்டுப்பள்ளியை நோக்கிச் செல்கின்றன. புரட்டாசி, படுகையில் இரு பருவங்கள் சந்திக்கும் காலம். ஒருபுறம் குறுவை அறுவடை. மறுபுறம் சம்பா நடவு. அறுத்த வயலின் தாள் மணமும் உழுத சேற்றின் மணமும் மாறி மாறி வீசுகின்றன. நாற்றுமுடிகள் வரப்புகளில் கிடக்கின்றன. கொக்குகள் ஏர் உழும் இயந்திரத்தின் பின்னே நடக்கின்றன. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இவை அனைத்தும் கண்ணில் படுகின்றன. இளைஞருள் ஒருவர் அன்றாடம் விரைந்து கடக்கும் சாலைதான் அது. அங்கு ஒரு தாமரைக்குளம் இருப்பதை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

சிறிது தொலைவில் சாலையின் ஒரு பாதியில் நெல் விரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெண்மணி காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடக்கிறார். முந்தைய இரவு மழை பெய்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாத நெல்லையே எடுத்துக்கொள்வது விதி. வானம் மீண்டும் கறுக்கும் முன் அந்த நெல் காய்ந்தாக வேண்டும். நான்கு மாத உழைப்பு அத்தார்ச்சாலையின் மேல் கிடக்கிறது.

ஆசிரியர் இடக்கையைத் தாழ்த்தி அசைக்கிறார். ‘வேகத்தைக் குறை’ என்னும் அக்குறி ஒவ்வொருவராய்ப் பின்னோக்கிச் செல்கிறது. வண்டிகள் நெல்லைத் தீண்டாமல் நடைவேகத்தில் ஒற்றை வரிசையாகக் கடக்கின்றன. விரித்த நெல்லின் மீது விரைந்து ஏறினால் சக்கரம் வழுக்கும், நெல்லும் சிதறும். சாலை, பயணம் செய்வோர்க்கு மட்டும் உரியதன்று. அதன் ஓரத்தில் வாழ்வோர்க்கும் உரியது. சாலையில் நெல் காயவைப்பது இடர் தருவதே. களங்கள் போதாத ஊரில் உழவருக்கு வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை.

நான்காகப் பிரியும் நீர்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் தேநீர் அருந்திவிட்டு, கோவிலடி வழியாகக் கல்லணையை அடைகின்றனர். கரிகாலச் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் அவ்வணை 1080 அடி நீளமும் 40 முதல் 60 அடி அகலமும் 15 முதல் 18 அடி உயரமும் உடையது. ஓடும் நீரில் பெரும்பாறைகளை இட்டு, அவை மணலில் ஆழப் புதைய, மேலும் மேலும் பாறைகளை அடுக்கி அமைத்த அடித்தளம் அதனுடையது. அத்திறனை ஆராய்ந்து வியந்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன்.

காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நீர் அங்கே நான்காகப் பிரிகிறது. முதியவர் மதகருகே நின்று இளைஞரிடம் பேசுகிறார்.

“தண்ணி திறந்தாச்சுன்னு பேப்பர்ல போடுவாங்க தம்பி. அது பெருமையில்ல. கடைமடைக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு கேக்கணும்.”

ஆற்றின் தலைப்பில் உள்ள வயல் தலைமடை. இறுதியில் உள்ள வயல் கடைமடை. தலைமடையில் இருப்பவர் தம் வயல் நிறைந்த பின்னும் மடையை அடைக்காவிடில், கடலோரத்தில் இருப்பவரின் நாற்று கருகும். நீர் குறைந்த காலத்தில் முறைவைத்துப் பாய்ச்சும் வழக்கம் இதனால் எழுந்தது. பாசனத்தின் வெற்றியைக் கடைசி வயலில்தான் அளக்க முடியும். குழுப் பயணத்திற்கும் அளவுகோல் அதுவே. முதல் வண்டி எப்போது சென்றது என்பது பொருட்டன்று. கடைசி வண்டி வந்து சேர்ந்ததா என்பதே வினா.

> தெரியுமா?
> மேட்டூர் அணை 1934இல் நிறைவடைந்தது. கல்லணைக் கால்வாயும் அவ்வாண்டிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. ‘புது ஆறு’ என மக்கள் வழங்கும் அக்கால்வாய், தஞ்சாவூரைக் கடந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்கு நீரைக் கொண்டு செல்கிறது. காவிரியின் பழைய பாசனம் எட்டாத மேட்டுநிலங்கள் அதனால் வயல்களாயின.

வண்டி நின்ற இடம்

திரும்பும் வழியில், கோவிலடியைத் தாண்டியதும் ஒரு வண்டியின் பின்சக்கரம் பஞ்சராகிறது. வரிசையிலேயே விலை உயர்ந்த வண்டி அது. காலையில் முகம் சுளித்த இளைஞருடையது. கடைசியில் வந்த பழுதுநீக்குநர் நிற்கிறார். ஒலிப்பான் ஓசை முன்னோக்கிச் செல்ல, பத்து வண்டிகளும் சாலையை விட்டு இறங்கிப் புளியமர நிழலில் நிற்கின்றன.

சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டும் கடைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெரிய வண்டிகளில் சக்கரத்தை வைக்க இடமில்லை. முதியவர் தம் டி.வி.எஸ். 50 வண்டியின் முன்தளத்தைக் காட்டுகிறார். எத்தனையோ மூட்டைகளைச் சுமந்த இடம் அது. சக்கரம் அதில் ஏறுகிறது; இளைஞர் பின்னிருக்கையில் அமர்கிறார். வழிநெடுக அவர் ஒன்றும் பேசவில்லை. கடையிலிருந்து திரும்பும்போது, “பெரியப்பா, நீங்க வரலைன்னா இன்னிக்கு நான் வண்டியைத் தள்ளிக்கிட்டுதான் போயிருப்பேன்” என்கிறார்.

வண்டி நிற்பதும் பயணத்தின் ஒரு பகுதியே. 1952இல் மருத்துவ மாணவராக இருந்த சே குவேரா, நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவுடன் பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். சிலி நாட்டில் அவ்வண்டி முற்றிலும் பழுதாயிற்று. அவர்கள் பயணத்தைக் கைவிடவில்லை. நடந்தும் சரக்குந்துகளில் தொற்றியும் சென்றனர். சுரங்கத் தொழிலாளரையும் தொழுநோயாளரையும் அருகிருந்து கண்டனர்.

பதினெட்டு வரை

மோட்டார் சைக்கிளின் மீது இளையோர்க்கு உள்ள ஈர்ப்பு இயல்பானது. எனினும் மோட்டார் வாகனச் சட்டம், 1988 பதினெட்டு வயது நிறையாதவர் பொது இடத்தில் வாகனம் ஓட்டுவதைத் தடுக்கிறது. 50 சி.சி.க்கு மிகாத வண்டியை மட்டும் பதினாறு வயதுக்குப் பின் உரிமம் பெற்று ஓட்டலாம். இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகள் அவ்வளவைக் கடந்தவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறார் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது.

தண்டத்தைக் கட்டிவிடலாம், இழந்த உயிரை மீட்க இயலாது. நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போதுதான் ‘உன்னால் முடியுமா?’ என்னும் சீண்டல் எழுகிறது. அச்சீண்டலுக்குச் செவிசாய்த்தவரின் தாய், இரவு முழுவதும் மருத்துவமனை வாசலில் நிற்க நேர்கிறது. ‘நீ வா, உனக்காக நிற்கிறோம்’ என்று சொல்பவரே உண்மையான நண்பர். பதினெட்டு நிறையும் வரை பின்னிருக்கையும் நல்ல இருக்கைதான். வழியைக் கவனிக்கவும் குறிகளைக் கற்கவும் ஊர்களின் பெயரறியவும் அங்கிருந்து முடியும்.

தலை எண்ணிக்கை

பொழுது சாயும் வேளையில் வண்டிகள் பூதலூரை அடைகின்றன. சென்று வந்த தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆசிரியர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எண்ணத் தொடங்குகிறார். ஒன்று, இரண்டு என ஒன்பது வரை வந்து நிற்கிறது. எவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. சாலையின் வளைவில் ஒற்றை விளக்கொளி தெரிகிறது. பழுதுநீக்குநரின் வண்டி வந்து நிற்கிறது.

“பத்து” என்கிறார் அந்த இளைஞர். அதன் பிறகே அனைவரும் விடைபெறுகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க இடம் ஒன்றைத் தேர்ந்து, வழியில் உள்ள ஆறு, ஏரி, ஊர்களைக் குறித்து வழிப்படம் வரைக.
2. உங்கள் வீட்டில் மாட்டுவண்டிப் பயணம் மேற்கொண்ட பெரியவர்களிடம் கேட்டறிந்த செய்திகளை வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

கல்லணையில் பிரியும் நீர்வழிகளுள் அடங்காதது
அ) வெண்ணாறு ஆ) கொள்ளிடம் இ) குடமுருட்டி ஈ) கல்லணைக் கால்வாய்

குறுவினா

1. தலைமடை, கடைமடை – வேறுபடுத்துக.
2. சாலையில் விரித்த நெல்லைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பது ஏன்?

சிறுவினா

1. குழுப் பயணத்தில் முதல் வண்டியும் கடைசி வண்டியும் ஆற்றும் பணிகளை எழுதுக.
2. இளைஞரின் எண்ணம் மாறிய சூழலை விளக்குக.

நெடுவினா

‘பாசனத்தின் வெற்றியைக் கடைசி வயலில்தான் அளக்க முடியும்’ – இக்கூற்றைக் குழுப் பயணத்தோடும் சமூக வாழ்வோடும் பொருத்திக் கட்டுரை வரைக.