முதன்முதலாக ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு

1. கேள்வியை முதலில் எழுதுங்கள். முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "சர்வே எடுக்கப் போகிறேன் ஐயா" என்று வருபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எதை அறிவதற்கு?

2. எமில் துர்கைமின் 'தற்கொலை' (1897) நூலை முழுதாகப் படியுங்கள். பாடநூல் சுருக்கம் போதாது. முற்றிலும் தனிமனிதத் துயரம் என்று கருதப்பட்டதை, அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு அவர் சமூகத்தின் விஷயமாகக் காட்டினார். புராட்டஸ்டன்ட் பகுதிகளில் விகிதம் கூடுதல், கத்தோலிக்கப் பகுதிகளில் குறைவு. ஒவ்வொருவர் மனத்தையும் தனித்தனியாகத் துருவியிருந்தால் இது தெரிந்திருக்காது. சமூகத்தையும் அளந்து அறியலாம் என்னும் நேர்க்காட்சிவாதத்தின் வலிமை இது. எண்களை ஏளனம் செய்யும் கூட்டத்தில் சேராதீர்கள்.

3. அடுத்து, சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் 1967இல் எழுப்பிய கேள்விக்கு வாருங்கள். ஒரு சாவைத் தற்கொலை என்று முடிவு செய்பவர் யார்? அதைப் பாவமாகக் கருதும் ஊரில், நெருக்கமான குடும்பம் உண்மையை மறைக்கப் பார்க்கும். அப்படியானால் துர்கைம் கண்ட வேறுபாட்டில் ஒரு பங்கு பதிவேட்டிலேயே பிறந்திருக்கலாம். மாக்ஸ்வெல் அட்கின்சன் இங்கிலாந்தின் மரண விசாரணை அதிகாரிகளைக் கவனித்து 1978இல் நூல் எழுதினார். இறந்தவர் தனிமையில் வாடியவரா, மனம் சோர்ந்தவரா என்பதையும் பார்த்தே அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்புகளைக் கூட்டிப் பார்த்து, தனிமைதான் காரணம் என்று நாம் கட்டுரை எழுதுகிறோம்! இந்தச் சுழலைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, இங்கேயே நில்லுங்கள்.

4. கணக்குக்குப் பயந்து பொருள்கோள் அணுகுமுறைக்கு வராதீர்கள். செய்பவருக்கு அந்தச் செயல் என்ன பொருள் தருகிறது என்று கேட்கச் சொன்னார் மாக்ஸ் வேபர். பத்துப் பேர் பேசியதை வெட்டி ஒட்டினால் அது கிடைக்காது. அதற்கு மக்களோடு வாழ வேண்டும்: சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியின் ராம்புரா கிராமத்தில் போய்த் தங்கினார்.

5. களக் குறிப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் வையுங்கள். சீனிவாஸின் குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாகின.

6. "கலப்பு முறை" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. எண்ணும் பேச்சும் முரண்படும் இடத்தைத் தேடிப் போங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை அறிக்கைகளில், தற்கொலைக் காரணங்களில் 'குடும்பப் பிரச்சினைகள்' முதலிடத்தில் இருக்கிறது. அந்தத் தகவல் காவல்நிலையத்திலிருந்து வருகிறது. அட்டவணையைப் பிரதியெடுக்கும் முன், அதை எழுதும் காவலரிடம் போய், எதை வைத்து அப்படி எழுதினார் என்று கேளுங்கள்.