தோளின் கூரை: அக்ரோமியான் எலும்பும் அறிக்கையில் வரும் சொற்களும்

வலக்கை விரல்களால் இடத்தோளின் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். காறை எலும்பின் வழியே வெளிப்புறமாகச் சென்றால் சிறு மேடு ஒன்று தட்டுப்படும். அதற்கு அப்பால், தோலுக்கு நேர் கீழே தட்டையாக இருப்பதே அக்ரோமியான். முதுகிலுள்ள முக்கோணத் தோள்பட்டை எலும்பின் பின்புறம் குறுக்கே ஓடும் முகடு, வெளிப்புறம் வந்து முன்னோக்கி வளைந்து முடியும் முனை அது. தையற்காரர் தோள் அகலம் அளக்க நாடாவை வைப்பதும் ஏறத்தாழ இவ்விடத்தில்தான்.

தோள் மூட்டுக்கு இது கூரை போன்றது. இதற்கும் மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும் இடையே சுமார் 1 செ.மீ. இடைவெளியே உண்டு. கையை உயர்த்த உதவும் தசைநாணும், உராய்வைக் குறைக்கும் மெல்லிய நீர்ப்பையும் அதற்குள் அமைந்துள்ளன. இவை நலிந்தாலோ வீங்கினாலோ, கையைப் பக்கவாட்டில் உயர்த்துகையில் 60 முதல் 120 பாகை வரை வலிக்கும். அதைக் கடந்ததும் வலி குறையக்கூடும். கொடியில் துணி போடுவதும், பேருந்தில் மேற்கம்பியைப் பிடிப்பதும், இரவில் அப்பக்கம் படுப்பதும் கடினமாகும்.

நோயாளிகள் பலர் வலியைச் சொல்லுமுன் அறிக்கையையே நீட்டுகின்றனர். ‘மூன்றாம் வகை அக்ரோமியான்’ என்று அதில் இருக்கும். தட்டையானது, வளைந்தது, கொக்கி போன்றது என 1986இல் பிக்லியானியும் மாரிசனும் வகுத்த பிரிவுகள் இவை. கொக்கி வடிவம் நோயன்று. வலியே இல்லாதவர்களிடமும் அது காணப்படுகிறது. எலும்பு தசைநாணை உரசுவதே வலிக்குக் காரணம் என்று கருதி, 1972இல் நீர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் அதன் அடிப்பகுதியைச் சீவும் முறையை விளக்கினார். அது உலகெங்கும் பரவியது. ஆனால் பிரிட்டனிலும் பின்லாந்திலும் இருந்து 2018இல் வெளிவந்த ஆய்வுகளில், எலும்பைச் சீவியவர்களும், உள்நோக்கிக் கருவியால் பார்வையிட்டதோடு நிறுத்தப்பட்டவர்களும் குறிப்பிடத்தக்க வேறுபாடின்றியே முன்னேறினர். ஆகவே, தசைநாண் முழுமையாகக் கிழியாத நிலையில், சில மாதங்கள் முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தொடராமல் இந்த அறுவையை நாடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

அறிக்கையில் அச்சுறுத்தும் இன்னொரு சொல் ‘ஆஸ் அக்ரோமியாலே’. இளமையில் தனித்தனித் துண்டுகளாக வளரும் இவ்வெலும்பு பொதுவாக 25 வயதுக்குள் ஒன்றிணைகிறது. சிலருக்கு ஒரு துண்டு இணையாமலே நின்றுவிடும். எக்ஸ்ரே படத்தில் அது முறிவு போலத் தோன்றும். பெரும்பாலோர்க்குத் தொல்லை தருவதில்லை.

உடனிருந்து பராமரிப்போர்க்கு ஒன்று: பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பிடித்திழுத்து நோயாளியை எழுப்பாதீர்கள். தசை வலுவிழந்த தோளில் எலும்பின் தலை கூரையை விட்டுக் கீழே நழுவும். அக்ரோமியானுக்கு அடியில் விரல் பதியும் பள்ளம் தெரிவது அதனால்தான். முதுகையும் இடுப்பையும் தாங்கி எழுப்புங்கள். உட்காரும்போது முன்கையைத் தலையணை மீது வைத்துவிடுங்கள்.

கீழே விழுந்தபின் கையை உயர்த்தவே இயலாவிட்டாலோ, மூட்டு சிவந்து காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் வாருங்கள். தோள் வலியுடன் நெஞ்சு இறுக்கமோ, வியர்வையோ, மூச்சுத்திணறலோ இருந்தால் எலும்புப் பிரிவில் காத்திராமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.