ஊர்ப் பெரியவர்கள் எதைத் தீர்க்கலாம்?

எட்டாம் வகுப்பில் நீதித்துறை பாடத்தை உச்ச நீதிமன்றத்திலிருந்து தொடங்குவது நம் வழக்கம். கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் உள்ள குருபரப்பள்ளி வட்டாரத்துக் குழந்தைக்கோ, நீதி என்றதும் ஊர்ப் பஞ்சாயத்துதான் முதலில் நினைவுக்கு வரக்கூடும். வரப்புத் தகராறும் கிணற்றுத் தண்ணீர்ப் பங்கும் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். எனவே, ‘ஊரிலேயே தீர்ந்துவிட்டால் நீதிமன்றம் எதற்கு?’ என்ற கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

வழக்காறு சட்டத்துக்கு அந்நியமானதல்ல. இராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் சாத்திர வாசகத்தையும் விஞ்சும் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் கூறியது. நம் அரசமைப்பின் 13ஆவது பிரிவும், சட்ட வலிமை பெற்ற வழக்காறுகளைச் ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. ஆனால், அடிப்படை உரிமைகளுக்கு முரணான வழக்காறு செல்லாது.

இந்த எல்லையைப் புரியவைக்க, அரபு நாடுகளின் பெடோயின் பழங்குடிகள் நல்ல ஒப்பீடு. காவல் நிலையம் எட்டாத பாலைவனத்தில் அவர்கள் சண்டையை நிறுத்த ‘அத்வா’ என்ற இடைக்கால உடன்பாட்டையும், பகையை முடிக்க ‘சுல்ஹா’ என்ற சமரசத்தையும் வளர்த்தனர். சொன்ன சொல்லைக் காக்க ‘கஃபீல்’ என்ற பிணையாளர் நிற்பார். இது அம்முறையின் வலிமை. ஆனால் கொலை நடந்தால், ‘ஜல்வா’ என்ற வழக்கப்படி கொலையாளியின் உறவினர்களும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். குற்றம் ஒருவருடையது, தண்டனை குடும்பத்துக்கு. ஜோர்டான் தன் பழங்குடிச் சட்டங்களை 1976இல் நீக்கியது. சமரச வழக்கங்கள் அதன் பிறகும் தொடர்கின்றன.

நம்மூர் ஊர்விலக்கிலும் இதே குறைதான். அதனால்தான் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உறுதியாகக் கூறியது.

வகுப்பை மூன்று குழுக்களாக்கி, ஆளுக்கொரு கற்பனைச் சூழலைத் தரலாம்: மாந்தோப்பு எல்லைத் தகராறு, காதல் திருமணத்துக்காக ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்தல், 15 வயது மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பணம் வாங்கிக்கொடுத்து முடிக்கப் பார்த்தல். உண்மையான குடும்பங்களின் பெயர் வகுப்பில் வேண்டாம். ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விகளுக்கு விடை காணட்டும்:

1. தீர்வை மறுக்க இருவருக்கும் உரிமை உண்டா?
2. பாதிக்கப்பட்டவர் அச்சமின்றிப் பேச முடிகிறதா?
3. தவறு செய்யாதவர் யாராவது துன்பப்படுகிறார்களா?

முதல் சூழலில் பெரியவர்களின் சமரசம் பொருந்தும். மக்கள் நீதிமன்றமும் இருதரப்பு இசைவில்தான் நடக்கிறது. அதன் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். இரண்டாவதில் உரிமை மீறப்படுகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்.

மூன்றாவதில் சமரசத்துக்கே இடமில்லை. சமரசத்துக்கு உட்படாத குற்றங்களை மக்கள் நீதிமன்றமே ஏற்காது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இக்குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 19). தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு (பிரிவு 21). ஆசிரியரும் இதற்கு விலக்கல்ல. ‘ஊர் பேசி முடித்துவிட்டது’ என்று யார் சொன்னாலும் நம் கடமை முடிவதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழியாமல் பார்த்துக்கொள்வோம்.