காத்திருந்து வாங்கும் கைக்கடிகாரம்

ஒரு சரக்குக்குக் கிராக்கி கூடினால் விலையும் கூடும் என்பது கடை வைத்திருக்கும் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. ஆனால் கிராக்கி எவ்வளவு ஏறினாலும் கடைக்காரர் விலையை ஏற்றுவதில்லை. முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளருக்கும் சரக்கு கிடைப்பதில்லை. கிடைக்கப்பெற்றவரோ கடையை விட்டு இறங்கியதும் அதை வாங்கிய விலைக்கு மேல் விற்றுவிடலாம். இப்படியும் ஒரு வியாபாரம் உலகில் நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் ரோலக்ஸ் கைக்கடிகாரங்களில் சில மாடல்களின் விற்பனையே அது. கடிகாரம் விற்காத வணிகர்களும் இதை ஊன்றிக் கவனிப்பது நல்லது. ஏதாவதொரு கம்பெனியின் ஏஜென்சியை எடுத்து நடத்தும் அனைவருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

டேடோனா என்ற மாடலையே எடுத்துக்கொள்வோம். கார்ப் பந்தயக்காரர்களுக்காக, ஓடிய நேரத்தைக் கணக்கிடும் வசதியுடன் 1963-ல் வெளிவந்தது. இன்று இதற்குப் போட்டா போட்டி. ஆனால் முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இது தூங்கிய சரக்காகவே இருந்தது. நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் என்பதால் வாங்குவோர் குறைவு. தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட்ட டீலர்களும் உண்டு. 1988-ல் கை அசைவிலேயே சாவி ஏறும் இயந்திரத்தைப் பொருத்தி வெளியிட்ட பிறகுதான் நிலைமை தலைகீழாக மாறியது. அமெரிக்க நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த பழைய டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஒரு காலத்தில் கண்ணாடி அலமாரியில் விலைபோகாமல் கிடந்த ரகம் அது.

எஃகில் செய்த டேடோனாவுக்கு 2016-ல் அமெரிக்கப் பட்டியல் விலை சுமார் 12,400 டாலர். 2023-ல் வந்த புதிய பதிப்புக்குச் சுமார் 15,100 டாலர். வெளிச்சந்தையிலோ 2022-ன் தொடக்கத்தில் இது பட்டியல் விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல் விற்றது. அதாவது ஒரு கடிகாரத்தை ஒருவருக்குப் பட்டியல் விலையில் கொடுப்பது, அவர் கையில் பதினையாயிரம் டாலர் இனாமாகக் கொடுப்பதற்குச் சமம். இந்த இனாம் யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கல்லாவில் இருப்பவரிடம் இருக்கிறது. இந்த வியாபாரத்தின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன.

அப்படியானால் கம்பெனியே விலையை ஏற்றி அந்த லாபத்தை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். ரோலக்ஸுக்குப் பங்குதாரர்கள் கிடையாது. நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1945-ல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். 1960-ல் அவர் காலமானதும் கம்பெனி அதன் கைக்குப் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை லாபக் கணக்குக் காட்டும் நெருக்கடி இல்லாததால் மெல்ல மெல்லவே விலை ஏற்றுகிறார்கள். உற்பத்தியையும் அவசரப்பட்டுக் கூட்டுவதில்லை. தட்டுப்பாடு தங்கள் வியாபார உத்தி அல்ல, தரம் கெடாமல் இருக்கும் கிராக்கி முழுவதற்கும் உற்பத்தி செய்ய முடியவில்லை என்று 2021-ல் கம்பெனியே அறிவித்தது. புல் என்ற ஊரில் கட்டப்படும் பெரிய தொழிற்சாலை 2029-ல் இயங்கத் தொடங்கும் என்பது திட்டம். உத்தியோ இல்லையோ, பற்றாக்குறையால் பெயருக்கு நஷ்டமில்லை என்பது கண்கூடு.

கடையில் நடப்பது என்ன?

அங்கீகாரம் பெற்ற டீலரின் கடைக்குள் நுழைந்தால் அலமாரியில் கடிகாரங்கள் இருக்கும். ஆனால் அவற்றில் பல, பார்வைக்கு மட்டுமே என்று எழுதி வைக்கப்பட்டவை. கேட்ட மாடலின் பெயர், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். முன்பணம் பொதுவாக வாங்குவதில்லை. எந்த மாடல் எத்தனை வரும் என்பது டீலர் கையில் இல்லை. கம்பெனி அனுப்புவதே கணக்கு. சரக்கு வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து ஒருவரை அழைப்பார்கள்.

நம் நாட்டில் ஒரு காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே பதிவு எண் என்று ஒன்று இருந்தது. என்றைக்காவது நம் முறை வரும் என்று நம்பலாம். இங்கே அது கிடையாது. முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதலில் என்ற விதி இல்லை. ஐந்து ஆண்டு காத்திருப்பவரைத் தாண்டி ஐந்து வாரத்துக்கு முன் வந்தவருக்கும் கொடுக்கலாம். இதைக் காத்திருப்போர் பட்டியல் என்று சொல்வதே தவறு. விருப்பப் பதிவேடு என்பதே சரி.

டீலர் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்? பழைய வாடிக்கையாளருக்கு முதலிடம். உள்ளூர்க்காரராக இருந்தால் நல்லது. திருமணம், ஓய்வு பெறுதல் போன்ற காரணத்தோடு வருபவர்மீது இரக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கி உடனே விற்றுவிடுவாரோ என்ற சந்தேகம் எழக்கூடாது. ஒவ்வொரு கடிகாரத்துக்கும் வரிசை எண் இருப்பதால், அது வெளிச்சந்தையில் தலைகாட்டினால் எந்தக் கடையிலிருந்து போனது என்பது தெரிந்துவிடும். அடிக்கடி அப்படி நடந்தால் கம்பெனி டீலரைக் கேள்வி கேட்கும், அங்கீகாரத்துக்கே ஆபத்து. ஆகவேதான் பல கடைகளில் விற்கும்போதே மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரித்து, அங்கேயே கையில் கட்டி அனுப்புகிறார்கள்.

பழைய வாடிக்கையாளரை மதிப்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் சில கடைகளில் இது வேறு உருவம் எடுக்கிறது. இந்த மோதிரத்தை வாங்குங்கள், அந்தச் சங்கிலியை வாங்குங்கள், பிறகு கடிகாரத்தைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சர்க்கரை கேட்டவர் தலையில் விலைபோகாத சோப்பையும் கட்டுவது போன்ற வேலைதான் இது. பட்டியல் விலை மாறவில்லை. மறைமுக விலை ஏறிவிட்டது. பிரெஞ்சுக் கைப்பை நிறுவனமான ஹெர்மெஸ் மீது இதே புகாருடன் 2024-ல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். 2025-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் தண்டிக்கவில்லை என்பதற்காக வியாபார நாணயம் அதை ஏற்கும் என்று பொருளல்ல. வேண்டாத நகைக்குப் பணம் கொடுத்தவர் அந்தக் கடையைப் பற்றி நாலு பேரிடம் என்ன சொல்வார் என்பதை அந்த டீலர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. 2022 டிசம்பரில் ரோலக்ஸ், தான் சோதித்துச் சான்றளித்த பழைய கடிகாரங்களை விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது மூன்று ஆண்டு பழையதாக இருக்க வேண்டும், இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு என்பது தொடக்க விதி. இவற்றுக்கு விலை வைப்பவர் டீலர். அது சந்தை விலையை ஒட்டியே இருக்கும். ஆகவே ஒரே கடையில் புதிய எஃகு டேடோனாவுக்கு ஒரு விலை, பழையதற்கு அதைவிட அதிக விலை. புதியது இல்லை, பழையது இருக்கிறது.

ஏஜென்சியின் பலமும் பயமும்

இப்படிப்பட்ட சரக்குக்கு ஏஜென்சி கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி என்று தோன்றும். விற்பனைக்கு அலைய வேண்டாம், தள்ளுபடி வேண்டாம், கடன் வேண்டாம். ஆனால் அந்த ஒரே கயிற்றில் தொங்குவதன் ஆபத்து 2023 ஆகஸ்டில் வெட்டவெளிச்சமாயிற்று. 1888-ல் லூசெர்ன் நகரில் தொடங்கிய புகேரர் நிறுவனம் உலகெங்கும் நூறுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்டது. அவற்றில் 53-ல் ரோலக்ஸ் விற்பனை. 1924 முதல் ரோலக்ஸுடன் உறவு. உரிமையாளருக்கு நேர் வாரிசு இல்லாததால் அந்த நிறுவனத்தை ரோலக்ஸே வாங்குவதாக 2023 ஆகஸ்ட் 24-ல் அறிவிப்பு வந்தது. அதுவரை சில்லறை விற்பனையை டீலர்களுக்கே விட்டிருந்த கம்பெனி, ஒரே நாளில் கடைக்காரராகவும் ஆகிவிட்டது. அடுத்த நாள் லண்டனில், மற்றொரு பெரிய டீலரான வாட்சஸ் ஆஃப் சுவிட்சர்லாந்தின் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. மற்ற டீலர்களுக்கு எந்த மாற்றமும் இராது என்று கம்பெனி சொல்லியிருந்தும் முதலீட்டாளர்கள் பயந்துவிட்டார்கள். சப்ளை செய்பவரே எதிரில் கடை போட்டால் என்ன ஆகும் என்பது யாருக்குத் தெரியாது?

பிரான்சில் நடந்தது நம் சங்கங்கள் அறிய வேண்டியது. அங்கீகாரம் பெற்ற டீலர்கள் இணையத்தின் வழியாக விற்கக் கூடாது என்று ரோலக்ஸ் தடுத்து வந்தது. கடிகாரம், நகை வணிகர்களின் சங்கம் ஒன்றும் ஒரு கடைக்காரரும் புகார் கொடுத்தனர். போலிகளையும் கள்ளவழி விற்பனையையும் தடுக்கவே இந்த விதி என்றது கம்பெனி. அதே பிரச்சினை உள்ள மற்றக் கம்பெனிகள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றனவே என்று கேட்ட பிரெஞ்சுப் போட்டி ஆணையம், 2023 டிசம்பரில் 9 கோடியே 16 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. விலையைக் கட்டுப்படுத்தினார்கள் என்ற மற்றொரு புகாரை மட்டும் ஆதாரமில்லை என்று ஏற்கவில்லை. தனி ஒரு கடைக்காரர் இவ்வளவு பெரிய கம்பெனியை எதிர்த்து எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்?

வாங்க நினைப்பவருக்கு

நம்மவர்களிலும் வசதி வந்தபின் இந்தக் கடிகாரத்தின்மேல் ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து நேரில் போய், ஒரே மாடலைத் தெளிவாகச் சொல்வது நல்லது. பத்துக் கடையில் பத்து மாடல் கேட்பவரை விற்பனையாளர்கள் வியாபாரி என்றே முடிவு கட்டுவார்கள். முகப்பு நிறம் எதுவானாலும் சம்மதம் என்றால் வாய்ப்புக் கூடும். வேறு நகை வாங்கச் சொன்னால், அது உண்மையில் தேவையா என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடிகாரம் நிச்சயம் வரும் என்று எழுத்தில் யாரும் தரமாட்டார்கள். விற்று லாபம் பார்க்கலாம் என்று வெளிச்சந்தையில் வாங்குபவர்கள் 2022-ஐ நினைவில் கொள்ளட்டும். அந்த ஆண்டின் வசந்த காலத்துக்குப் பிறகு விலைகள் இறங்கின. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டனர்.

வெளிச்சந்தைக் கடிகாரம் என்றால் போலி என்று அர்த்தமில்லை. அசல் சரக்கே அங்கீகாரமற்ற வழியில் வருவது. ஆனால் அதனூடே போலியும் கலந்து வரும். 2015 ஜூலை முதல் ரோலக்ஸ் தரும் ஐந்தாண்டு உத்தரவாதம், டீலர் அட்டையைப் பதிந்த நாளிலிருந்து ஓடுகிறது. கைமாறி வரும் கடிகாரத்தில் அதில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் வாங்குவோர் கணக்கு விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 ஏப்ரலிலிருந்து தடை உண்டு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகார விற்பனையில் வாங்குபவரிடமிருந்து வருமான வரியை முன்கூட்டியே வசூலிக்கும் விதி 2025 ஏப்ரல் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொகையை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் சுங்கத்தில் அறிவித்தே ஆகவேண்டும். கடையிலிருந்து கிளம்பும் முன், முகப்பைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் பொறித்த வரிசை எண்ணும் உத்தரவாத அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கல்லா அருகிலேயே நின்று சரிபார்த்துவிட வேண்டும்.